செல்வராசு விரலில் பார்த்த சுகர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எழுதியதெல்லாம் ஐஸ் கம்பெனிக் கரும்பலகையில் படகு நம்பர்கள்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டியது. ஆஸ்பத்திரியில் சுகர்காரர்களுக்கு என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற நர்ஸம்மா, "அண்ணே, ஒங்களுக்கு நடந்ததை நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க" என்றார். எழுந்து நின்றேன். பெஞ்சில் முப்பது பேர் இருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். "சரி, எழுதிக் குடுங்க, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். இரண்டு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். கூச்சம் மட்டும் காரணமில்லை. எழுதினால் என் புத்தி எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. தொட்டியிலிருந்து ஐஸ் பார் எடுப்பது, மிஷினில் போட்டு உடைப்பது, படகுக்கு ஏற்றுவது. இருபத்தாறு வருடமாக இதுதான். மனைவி பஞ்சவர்ணம். ஒரே பெண் சங்கீதா, திருச்சியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

சுகர் இருப்பது தெரிந்தது போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில். படகு போகாததால் கம்பெனியில் வேலையில்லை. வீட்டில் படுத்தே கிடந்தேன். சும்மா இருந்தும் அசதி. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டியது. பஞ்சவர்ணம்தான் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 290 இருந்தது. நூறை ஒட்டி இருக்க வேண்டுமாம். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சோற்றைக் குறை, சீனியை விடு, நட என்றார்கள்.

மாத்திரை போட்டேன். மற்றது எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்வதாக வீட்டில் காட்டிக்கொண்டேன்.

வீட்டில் பஞ்சவர்ணம் சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்துவிட்டாள். நான் மட்டும் சீனியில்லாத டீ குடித்தால் மனசு கஷ்டப்படும் என்று அவளும் சீனியை விட்டாள். நான் சரி சரி என்று சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். கம்பெனி வாசலில் டீக்கடை. அந்த மாஸ்டர் இருபது வருடப் பழக்கம். நான் வாயைத் திறக்கும் முன்பே சீனி தூக்கலாக ஒரு டீ என் முன்னால் வந்துவிடும். "சீனி வேண்டாம்" என்று இரண்டு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் கடையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன ஏது என்று கேட்பார்கள். அதை நினைத்துக் குடித்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்து டீ. பத்து மணிக்குப் பரோட்டா. கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாலும் இலையை மறைக்கக் கை போகாது.

ஆனி மாதம் சங்கீதா ஊருக்கு வந்தபோது அறந்தாங்கி மெடிக்கலில் சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் நம்பர் காட்டும். "தெனம் காலையில வெறும் வயித்துல பாத்து எனக்கு போட்டோ அனுப்புங்கப்பா. நோட்டுலயும் எழுதுங்க. டாக்டர்ட்ட காட்டணும்" என்றாள். போட்டோ அனுப்பவும் சொல்லிக் கொடுத்தாள்.

முதல் நாள் 268. அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என்னப்பா இது?" என்றாள். மறுநாள் 254. "அம்மா சோத்தைக் கொறச்சுட்டேன்னு சொல்லுறாங்க. அப்புறம் எப்படிப்பா?" என்று கேட்கும்போது அவள் குரல் உடைந்தது. மூன்றாம் நாள் மிஷினைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

கம்பெனியில் என்னோடு ஐஸ் உடைப்பவன் செல்வராசு. முப்பது வயது, ஒல்லி, வாய் ஓயாது.

"என்னண்ணே இது, செல்போனுக்குத் தம்பி மாதிரி இருக்கு?"

"சுகர் பாக்குற மிஷின்டா."

"எனக்குப் பாருங்க. எங்க அப்பனுக்கு இருந்துச்சு. எனக்கும் இருக்கான்னு பாப்பம்."

அவன் இன்னும் டீ குடித்திருக்கவில்லை. குத்தினேன். 96 காட்டியது. அந்த நேரம் பார்த்து சங்கீதா போன் அடித்தாள். எடுக்கவில்லை. மிஷினில் 96 எரிந்துகொண்டிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். யோசித்து அனுப்பினேனா என்றால் இல்லை. யோசிக்காமல் அனுப்பினேன் என்றும் சொல்ல முடியாது.

அவள் அனுப்பிய பதிலில் கைதட்டுகிற படம் நிறைய இருந்தது. அன்று சாயங்காலம், "எங்க ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எங்கப்பா சூப்பர்னு" என்றாள். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது?

செல்வராசு முதலில் சிரித்தான். பிறகு விலை வைத்தான். "அண்ணே, ஒரு குத்துக்கு ஒரு வடை. ஞாயித்துக்கெழமைன்னா முட்டை போண்டா." அப்படியே நடந்தது. "என் ரத்தம் தெனமும் திருச்சிக்குப் போகுது, நான் இன்னும் அறந்தாங்கியத் தாண்டல" என்பான். ஒரு நாள் அவன் வீட்டிலேயே இட்லி தின்றுவிட்டு வந்துவிட்டான். 141 காட்டியது. சங்கீதா, "நேத்து என்னப்பா சாப்டீங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் அவனிடம் போய்ச் சண்டை போட்டேன், வெறும் வயிற்றோடு வரச் சொன்னேனே என்று.

"ஒங்களுக்குச் சுகருன்னா நான் பத்தியம் இருக்கணுமாண்ணே? நல்லா இருக்கே நாயம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். முதல் நாள் மதியத்திலிருந்து பட்டினி கிடப்பேன், மாத்திரையை இரண்டாகப் போடுவேன். 130க்குள் வந்துவிடும். ஆவணி மாதம் அங்கே இருக்கிற டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். 94, 97, 92. "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இன்னும் கீழ எறங்குனா மயக்கம் வரும். ராத்திரி மாத்திரையை நிறுத்திருவோம்" என்றார். செல்வராசுவின் ரத்தத்துக்கு அவர் சொன்னது சரிதான். நான் தலையை ஆட்டினேன். "சரிங்கம்மா" என்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது.

அடுத்து என் கால். ஐஸில் நிற்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போவது வழக்கம். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றினால் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்பும். எனக்குச் சில மாதமாக வெந்நீர் ஊற்றியும் திரும்பவில்லை. ஐஸ் என்றே நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது. சுகர் அதிகமாக இருந்தால் காலில் உள்ள நரம்பு செத்துக்கொண்டே வரும், வலி தெரியாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, இங்கிட்டு வாங்க. இது என்ன ரத்தம்?" என்றாள். வாசலிலிருந்து என் பின்னாலேயே சிவப்பாகத் தடம் வந்திருந்தது. இடது காலில் சுண்டுவிரலுக்கு அடியில் கெளுத்தி மீன் முள் ஒன்று முழுசாக ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. செருப்போடு சேர்த்துக் குத்தி, அதோடு நடந்தே வந்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

"முள்ளுக்கெல்லாமா? ஐஸ்ல நின்னதுல மரத்துக் கெடக்கு புள்ள" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள். அதுதான் எனக்குப் பயம். மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன். பத்தாம் நாள் காய்ச்சல், குளிர். கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் பஞ்சவர்ணம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முந்தானையை எடுத்துவிட்டாள். விரல் கறுத்திருந்தது.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கீதா திருச்சியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அவசரப் பிரிவில் குத்திப் பார்த்தார்கள். 412.

"இல்ல மேடம், அப்பாவுக்கு இப்பல்லாம் நூறை ஒட்டித்தான் இருக்கு. தெனம் பாக்குறோம்" என்று சங்கீதா போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினாள். ஐந்து மாதப் போட்டோ. அத்தனையும் பத்திரமாக வைத்திருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "மிஷின் தப்பா இருக்கலாம்" என்றார். நான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சங்கீதா அந்த அறந்தாங்கி மெடிக்கல்காரருக்குப் போன் போட்டாள். "டூப்ளிகேட் மிஷினைக் குடுத்து எங்க அப்பா காலை எடுக்குற நெலமைக்குக் கொண்டாந்துட்டீங்களே" என்று சத்தம் போட்டாள். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த மனிதர் பதறிப்போனார். "தங்கச்சி, கோவப்படாதீங்க. மிஷினைக் கொண்டாங்க, மாத்தித் தாரேன். அப்பா எப்படி இருக்காக?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சர்ஜன் வந்தார். தூண்டில் நரம்புபோல ஒரு நூலை என் பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்தேன். எங்கேயும் தெரியவில்லை. எலும்பு வரைக்கும் சீழ் போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். "விரல் போயிருச்சு. அதை எடுத்துத்தான் ஆகணும். அதோட நிக்குமா, பாதம் வரைக்கும் போகுமாங்கறது சுகர் எறங்குறதப் பொறுத்து இருக்கு" என்றார். வயிற்றில் இன்சுலின் ஊசி போடத் தொடங்கினார்கள். உடம்பில் தானாகச் சுரக்க வேண்டியதுதான் இன்சுலின். அது போதாமல் போனால் ஊசியாகக் கொடுக்கிறார்கள்.

ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம், நிறைய ரத்தம் எடுக்கிறீர்களே எதற்கு என்று கேட்டேன். "இது மூணு மாச சுகர்ண்ணே. ரத்தத்துல உள்ள சிவப்பு அணு மேல சீனி ஒட்டிக்கிட்டே வரும். அதை வச்சு மூணு மாசமா நீங்க எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சுரும். முந்துன நாள் பட்டினி கெடந்தெல்லாம் இதை ஏமாத்த முடியாது" என்று சிரித்தார். எல்லோரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எப்போது தெரியும் என்று கேட்டேன். ரிசல்ட் மறுநாள் மதியம் வரும் என்றார்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து போட்டோவையும் நோட்டையும் பார்த்தார். "மிஷின் சரியா இருந்து, போன வாரம் வரைக்கும் இப்படி இருந்தவருக்குத் திடீர்னு நானூறு போகுதுன்னா வயித்துக்குள்ள கணையத்துல எதுவும் கட்டி இருக்கான்னு பாக்கணும். ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார். கணையம் என்பது இன்சுலின் சுரக்கிற இடம். கட்டி என்றால் எதைச் சொல்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது.

மறுநாள் காலையில் சங்கீதா காபி வாங்கி வருகிறேன் என்று போனாள். வெகு நேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். தூக்குவாளி கீழே இருந்தது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள், சத்தம் வராமல் இருக்க. இல்லாத ஒரு கட்டிக்காக என் பிள்ளை அழுதாள்.

அவள் முகம் கழுவிவிட்டு வந்து காபியை ஆற்றினாள். "ஒண்ணும் இருக்காதுப்பா. பயப்படாதீங்க" என்றாள்.

"கட்டியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன்."

"இல்ல தாயி. அந்தப் போட்டோவுல உள்ள ரத்தம் என்னது இல்ல. செல்வராசுது."

அவளுக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை வடை வரைக்கும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். அப்போது மணி பதினொன்று இருக்கும். மதியம் அந்த ரிசல்ட் வந்துவிடும். அது வராது என்றால் நான் சொல்லியிருப்பேனா? அவள் அழுதது பொறுக்காமல் சொன்னேன் என்றுதான் பஞ்சவர்ணம் எல்லோரிடமும் சொல்கிறாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டால் மறுபடியும் ஒரு பொய் ஆகும்.

சங்கீதா என்னைத் திட்டவில்லை. காபி டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். நேராகப் போய் டாக்டரிடம் சொன்னாள். அவர் வந்து, "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லி ஸ்கேனை நிறுத்தினார். என்னைக் குத்திய ஊசியை மாற்றாமல் செல்வராசுவையும் குத்தியிருக்கிறேனா என்று கேட்டார். சில நாள் மாற்றவில்லை என்றேன். அது ஒருவர் நோயை இன்னொருவருக்குக் கொண்டுபோகும் என்று சொல்லி, செல்வராசுவையும் ரத்தம் பார்க்க வரச் சொன்னார். அவன் வந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அந்த ஒரு நாள் எனக்கு என் காலைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மூன்று மாத சுகர் பன்னிரண்டுக்கு மேல் வந்திருந்தது. ஏழுக்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

சாயங்காலம் சங்கீதா மெடிக்கல்காரர் நம்பரை அடித்து, போனை என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க." அதுதான் அவள் அன்று முழுதும் என்னிடம் பேசியது. போனை வாங்கி, "மிஷின் நல்ல மிஷின்தாங்க. தப்பு என் பேர்லதான்" என்றேன். "பரவாயில்லண்ணே, மொதல்ல ஒடம்பப் பாருங்க" என்றார் அந்த மனிதர்.

பஞ்சவர்ணம்தான் பேசினாள். "அஞ்சு மாசமா வெறும் டீயக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. நீங்க அங்கிட்டுப் போயி சீனி தூக்கலாக் குடிச்சிருக்கீக. எனக்கும் ஒரு டீ வாங்கித் தந்திருக்கலாம்ல?" பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கும் என் காலுக்குக் கீழே இருந்த துணியை அவள்தான் மாற்றினாள்.

விரலை எடுத்தார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்க்கும்போது சர்ஜன் முகத்தைத்தான் பார்ப்பேன், பாதம் தப்புமா என்று. சாப்பாடு சொல்லிக் கொடுக்கிற அம்மா ஒருவர் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். பாதித் தட்டு காய், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ. "கேப்பைக் கூழ் நல்லதுன்னு சொம்பு சொம்பாக் குடிக்காதீங்க. அதுவும் மாவுதான், சீக்கிரம் ஏத்திரும். மீன் ஒங்க ஊர்லயே இருக்கு. கொழம்பு வைங்க, பொரிக்காதீங்க" என்றார். அங்கே ஏமாற்ற வழியில்லை. தட்டில் இருந்ததைத்தான் தின்றேன். 412, 330, 260, 190 என்று இறங்கியது. பத்தொன்பதாம் நாள் சர்ஜன், "பாதம் தப்பிச்சுருச்சு. வீட்டுக்குப் போகலாம்" என்றார். பஞ்சவர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். சங்கீதா அப்போது திருச்சியில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். போனில் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

அதிலிருந்து தினம் காலையில் வீடியோவில் வருவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், புது ஊசி போட வேண்டும், விரல் நுனிக்குப் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதலில் முகத்தைக் காட்டி, பிறகு விரலை, பிறகு நம்பரை. போனை அசைக்கக் கூடாது. நல்ல நம்பர் வந்தாலும் கைதட்டுகிற படம் வராது. நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சில நாள் பார்க்கச் சொல்வாள். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். கம்பெனியில் இப்போது ஐஸில் நிற்பதில்லை. வெளியில் உட்கார்ந்து பலகை எழுதுகிறேன். டீக்கடையில் செல்வராசுதான் எனக்கு முன்னால் கத்துகிறான்: "மாஸ்டர், அண்ணனுக்குச் சீனி இல்லாம! நானும் ரிட்டயர் ஆயிட்டேன், இனிமே என்னையக் குத்த முடியாது!" கடையே திரும்பிப் பார்க்கிறது. பார்த்துவிட்டு அவரவர் டீயைக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

நேற்று ஆவுடையார்கோவிலில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் பாயசம் வந்தபோது கையைக் குறுக்கே வைத்து, "சுகருங்க" என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன். ஆனால் கறிக்குழம்புக்குச் சோறு இரண்டு தடவை வாங்கிவிட்டேன். வேண்டுமென்றேதான் வாங்கினேன்.

இன்று காலை மிஷினோடு உட்கார்ந்தேன். சங்கீதா வீடியோவில் வரவில்லை. சாதாரணமாகப் போன் அடித்தாள். "பஸ்ல இருக்கேன்ப்பா. இனிமே வீடியோ வேணாம். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

குத்தினேன். 211.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் நூற்றுப் பத்து என்று சொன்னால் அவளுக்கு நூற்றுப் பத்துதான். வாய் வரைக்கும் வந்தது. அவள் காத்திருந்தாள். பஸ் ஹாரன் கேட்டது.

"எரநூத்திப் பதினொண்ணு" என்றேன். "நேத்துச் சோறு கூடப் போட்டுக்கிட்டேன்."

பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. பேனா தேடுகிறாள் போல.

"சரிப்பா. எழுதிட்டேன்" என்றாள்.

போனை வைத்ததும் இந்த நோட்டை எடுத்தேன்.

மாசி மாதம் 11ஆம் தேதி.